அப்பாயி தேடிய முகம்

"இது யாருடா?" என்று கேட்டார் அப்பாயி.

கைப்பேசியை அவர் கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். திரையில் மஞ்சள் நிறத்தில் ஓர் உருவம். தலைக்கு மேல் மயிலிறகு என்று நினைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பச்சைக் கறை. முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஈரத்துணியால் துடைத்துவிட்டதைப்போல் ஓர் இழுவை.

"தம்பி, அப்பாயி. உங்க சின்னப் பேரன்."

"அப்படியா?" என்றார். அடுத்த படத்தைக் காட்டச் சொல்லவில்லை.

அது 2024 தைப்பூசம், ஜனவரி 25. அதற்கு முந்திய ஆண்டு அப்பாயி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நடந்த இரவு, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தபடியே தம்பி மூன்று ஆண்டு அலகுக் காவடிக்கு வேண்டிக்கொண்டான். அப்பாயி எழுந்துவிட்டார். ஆனால் அங் மோ கியோ வீட்டின் கூடத்திலிருந்து மின்தூக்கி வரைக்கும் போய் வருவதே அவருக்குப் பெரிய பயணம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்குடம் எடுத்தவர், தன் பேரில் எடுக்கப்படும் காவடியைத் தன் கண்ணால் பார்க்க முடியாமல் போனது. "படமாவது நல்லா எடுத்துக்கிட்டு வாடா" என்று என்னிடம்தான் சொல்லி அனுப்பினார். வீட்டில் கேமரா வைத்திருப்பவன் நான். மகளின் பிறந்தநாள், செந்தோசா, மக்ரிட்சி குரங்கு எல்லாம் எடுப்பவன். கைதேர்ந்தவன் என்று ஓர் எண்ணமும் இருந்தது.

நடந்தது இதுதான். தம்பி சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டபோது காலை ஐந்து மணி. இந்த ஊரில் ஏழு மணிக்குப் பிறகுதான் விடியும். சாலை விளக்கு, கடைப் பலகை விளக்கு, தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ பிடித்திருந்த கைப்பேசி விளக்கு, இவ்வளவுதான் வெளிச்சம். காவடியோடு நடந்தால் முதுகுதான் கிடைக்கும். முகம் வேண்டுமென்றால் முன்னால் ஓடிப்போய்த் தடுப்புக்கு வெளியே காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். என் சோனி ஏ6400இல் 55-210 ஸூம் லென்ஸ் மாட்டியிருந்தது. பகலில் பறவைப் பூங்காவில் அருமையாக எடுத்த லென்ஸ். அதை 210 வரை நீட்டினால் துளை எஃப் 6.3க்குச் சுருங்கிவிடும். ஐஎஸ்ஓ 6400 வைத்தும், ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் வேகம் போகவில்லை. தம்பியோ உறுமி மேளத்துக்கு ஆடிக்கொண்டு வருகிறான். நூற்றுப் பதினான்கு படம் எடுத்தேன். ஒன்றில்கூட முகம் இல்லை.

தேங்க் சாலைக் கோயிலில் அலகை எடுத்தபிறகு தம்பி கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, அப்பாயிக்குக் காட்ட நல்லா வந்திருக்கா?" வந்திருக்கு என்று சொன்னேன்.

அடுத்த சில மாதங்கள் இரவில் மகள் தூங்கியபிறகு லென்ஸ் பற்றிப் படிப்பதே வேலையானது. "என்னங்க, வீட்டுக் கடனுக்கு இவ்வளவு படிச்சீங்களா?" என்று மனைவி கேட்டார். படிக்கவில்லைதான்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அந்த எஃப் எண். சின்ன எண் என்றால் பெரிய துளை. லென்ஸின் குவியத் தொலைவை அந்த எண்ணால் வகுத்தால் துளையின் அகலம் வரும். 200 மி.மீ. லென்ஸில் எஃப் 6.3 என்றால் ஏறக்குறைய 32 மி.மீ.; நம் ஒரு வெள்ளிக் காசைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. அதே 200இல் எஃப் 2.8 என்றால் 71 மி.மீ. அகலம். கோப்பிக் கடைக் கோப்பையின் வாய் அளவுக்கு வந்துவிடுகிறது. உள்ளே வரும் வெளிச்சம் ஐந்து மடங்கு. ஐம்பதில் ஒரு பங்கு நொடி தேவைப்பட்ட இடத்தில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு போதும். ஆடுகிற மனிதனின் முகம் கறையாவதும் முகமாவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான்.

நல்ல ஸூம் லென்ஸ்கள் ஏன் அவ்வளவு கனம், ஏன் அவ்வளவு விலை என்பதும் இதில் அடங்கிவிடுகிறது. அத்தனை அகலமான கண்ணாடி, அதுவும் பதினைந்து இருபது துண்டுகள், ஒன்றுக்கொன்று முன்பின் நகர வேண்டும். விலைமலிவான ஸூம்களின் பெட்டியில் "4.5-6.3" என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். நீட்ட நீட்ட இருட்டும் என்று அதற்குப் பொருள். பெட்டியைப் பார்க்கும்போது நம் கண் "210" என்ற எண்ணில்தான் நிற்கும். எவ்வளவு தூரம் எட்டும் என்று கேட்டு வாங்குகிறோம். எட்டிய இடத்தில் என்ன வெளிச்சம் இருக்கும் என்று கேட்பதில்லை. நானும் அப்படித்தான் வாங்கினேன்.

சரி, எஃப் 2.8 ஸூம் வேண்டும். அப்படியென்றால் எல்லோரும் முதலில் சொல்வது 70-200. திருமணப் படக்காரர்கள் தோளில் தொங்குமே, அது. புதிதாக வாங்கினால் மூவாயிரம் வெள்ளியைத் தாண்டும். மகளின் பாலர் பள்ளிக் கட்டணத்தையும் அதையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, தாளை மடித்து வைத்துவிட்டேன்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பார் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். இந்தக் கட்டுரையில் உருப்படியான யோசனை ஒன்று உண்டென்றால் அது அவருடையது. 2025 பொங்கல் வாரத்தில் சோனியின் பழைய 70-200 எஃப் 2.8 ஒன்றை ஒரு வாரயிறுதிக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு லிட்டில் இந்தியா போனேன். கேம்பல் லேனில் பொங்கலுக்கு மாடு கட்டியிருப்பார்கள், தெரியுமல்லவா? இரவு எட்டு மணிக்கு அங்கே இருந்தோம். மேலே தோரண விளக்கு, கீழே மாடு, என் தோளில் மகள், கழுத்தில் ஒன்றரைக் கிலோ லென்ஸ். ஒன்றரைக் கிலோ என்பது கேட்கச் சின்ன எண்தான். அந்த எடையுள்ள அரிசிப் பையைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து இருபது நிமிடம் நின்று பார்த்தால் தெரியும்.

அங்கேதான் மாடு எனக்கு ஒரு பாடம் நடத்தியது. அந்த லென்ஸில் அதிர்வுத்தடுப்பு உண்டு. கை நடுக்கத்தை லென்ஸே சரிக்கட்டிவிடும். ஷட்டரை முப்பதில் ஒரு பங்கு நொடிக்கு இறக்கி எடுத்தேன். மாட்டின் நெற்றி, கொம்பில் பூசிய வர்ணம், கழுத்து மணி எல்லாம் தெளிவாக வந்தன. ஈயை விரட்டிய காது மட்டும் காணோம். காது இருந்த இடத்தில் ஒரு விசிறி. அதிர்வுத்தடுப்பு என் கையைப் பிடித்து நிறுத்தும். மாட்டின் காதைப் பிடித்து நிறுத்தாது. ஆடுகிற தம்பியையும் நிறுத்தாது. எப்படியும் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு வேகத்தில்தான் எடுக்கப்போகிறேன் என்றால், அந்த வசதிக்கு நான் ஏன் காசும் எடையும் கொடுக்க வேண்டும்?

மாடு தலையாட்டியதில் ஆயிரம் வெள்ளிக்கு மேல் மிச்சம்.

அதற்குப் பிறகு பட்டியல் சின்னதாகிவிட்டது. எஃப் 4 ஸூம்கள் இலேசாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் எஃப் 2.8இல் கிடைப்பதில் பாதி வெளிச்சம்தான். என் இருட்டுக்குப் போதாது. ஸூமே இல்லாத 85 மி.மீ. எஃப் 1.8 ஒன்று இருக்கிறது. நானூறு கிராம்கூட இல்லை, எஃப் 2.8ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம் வாங்கும். விலையும் நடுத்தரக் குடும்பத்துக்கு அடங்கும். பிள்ளையின் பரதநாட்டிய மேடையையோ பள்ளி ஆண்டுவிழாவையோ முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து எடுக்கும் பெற்றோருக்கு நான் அதைத்தான் சொல்வேன். மேடை நகராது, நாற்காலியும் நகராது, ஸூம் எதற்கு? காவடி அப்படி இல்லை. அறுபது அடி தூரத்தில் தெரிந்து, ஒரு நிமிடத்தில் பத்து அடிக்கு வந்து, கடந்து போய்விடும். முன்னும் பின்னும் நடந்து சரிசெய்ய எனக்கு இடமில்லை. தடுப்பு, கூட்டம், தண்ணீர்ப் பந்தல். ஸூம்தான் வேண்டும்.

ஃபிளாஷ் போடலாமே என்று மைத்துனர் கேட்டார். கன்னத்தில் வேல் குத்தி, மனத்தை ஓரிடத்தில் கட்டி வைத்து நடக்கும் ஒருவனின் கண்ணில் வெளிச்சத்தை அடிப்பதா? அது எனக்கு ஒப்பவில்லை. இதற்கு மேல் வாதாடவும் விருப்பமில்லை.

கடைசியில் வந்து நின்றது டாம்ரான் 70-180 எஃப் 2.8. 2020இல் வந்த முதல் வகை. அதிர்வுத்தடுப்பு இல்லை, 810 கிராம். 2023இல் வந்த இரண்டாம் வகையில் அதிர்வுத்தடுப்பைச் சேர்த்துவிட்டார்கள். அதனால் முதல் வகை பழைய சாமான் சந்தைக்கு நிறைய வந்துகொண்டிருந்தது. மாடு எனக்குத் தேவையில்லை என்று சொன்ன ஒன்றுக்காக மற்றவர்கள் விற்றார்கள், நான் வாங்கினேன். என் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் 180 மி.மீ. லென்ஸ், பெரிய சென்சாரில் 270 மாட்டியதுபோல் காட்டும். கைவிட்ட 20 மி.மீ. பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமரா விற்கும் கடை ஒன்றில் அது இருந்தது. கடைக்கார அங்கிளுக்கு எழுபது வயதிருக்கும். லென்ஸைக் கையில் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு சின்ன டார்ச்சையும் கொடுத்தார். பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்து, முன்பக்கத்தில் சாய்வாகப் பார்க்க வேண்டும். உள்கண்ணாடியில் சிலந்தி வலைபோல் நூல் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில், அலமாரியில் போட்டு மறந்த லென்ஸ்களுக்கு அதுதான் கதி. இதில் வலை இல்லை, இரண்டு தூசு மட்டும். தூசு படத்தில் தெரியாது. "என்ன எடுக்கப்போகிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தைப்பூசம் என்றேன். "ஓ, தேங்க் ரோடு" என்றவர், தான் இளைஞராக இருந்தபோது ஃபிலிமில் எடுத்த கதையைச் சொல்லிக்கொண்டே என் பழைய ஸூமைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்கு நான் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலை போட்டார். பேரம் பேச வாய் வரவில்லை. கைக்காசு ஆயிரத்து நூறு வெள்ளி. மனைவியிடம் ஆயிரம் என்று சொன்னேன். இந்தக் கட்டுரை அச்சானதும் உண்மை தெரிந்துவிடும்.

லென்ஸ் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. இருட்டில் பெரிய துளை ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்ளும். 180இல், பதினாறு அடி தூரத்தில், எஃப் 2.8 வைத்தால் தெளிவாக வரும் ஆழம் எட்டு ஒன்பது சென்டிமீட்டர்தான். மூக்கின் நுனி தெளிந்தால் காது கரைந்துவிடும். புளோக்கின் கீழ்த்தளத்தில் இரவு பதினொரு மணிக்கு மைத்துனரை நிற்க வைத்து, ஆட வைத்து, பழகினேன். முகத்துக்கு முன்னால் ஒரு கரண்டியை நீட்டிக்கொள்ளச் சொன்னேன், அலகுக்குப் பதிலாக. கேமரா முதலில் கரண்டியைத்தான் பிடித்தது. கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியைப் போட்டபிறகுதான் கரண்டியை விட்டது. சுற்றுக்காவலுக்கு வந்த இரண்டு போலிஸ்காரர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. ஷட்டரை அளவுக்கு மீறி வேகமாக வைத்தால், சில எல்இடி விளக்கடியில் படத்தில் குறுக்கே பட்டை விழுகிறது. நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று. விளக்கு நொடிக்கு நூறு தடவை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அதனால் கோயிலுக்குள் நூறில் ஒரு பங்கு, வெளியே சாலையில் இருநூற்றைம்பது என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

2025 தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. இங்கே அன்று பொது விடுமுறை இல்லை, விடுப்பு எடுத்தேன். தம்பி ஐந்தே காலுக்குப் புறப்பட்டான். சிராங்கூன் சாலையில் போன ஆண்டு நின்ற அதே இடத்தில் நின்றேன். வேண்டுமென்றுதான். மனைவி பக்கத்தில் கைப்பேசியோடு.

உறுமிச் சத்தம் முதலில் வந்தது. பிறகு மயிலிறகு. ஐஎஸ்ஓ 6400, இருநூற்றைம்பதில் ஒரு பங்கு, எஃப் 2.8. கேமராத் திரையில் தம்பியின் கண்மேல் சின்னப் பச்சைக் கட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடினால் விலகும், திறந்தால் மீண்டும் ஒட்டும். கூட வந்தவர்கள் "வேல் வேல்" என்றார்கள். நான் சொல்லவில்லை, அழுத்திக்கொண்டிருந்தேன். எண்பது படம் எடுத்தேன். பாதிக்குப் பாதி கவனம் மயிலிறகிலோ பக்கத்திலிருந்த மாமாவின் தோள் துண்டிலோ போய்விட்டது. பன்னிரண்டு படம் நன்றாக வந்தன. அதில் ஒன்று, நெற்றித் திருநீற்றில் வியர்வை கோடு கிழித்திருப்பது தெரியும் அளவுக்கு. வாய்க்குக் குறுக்கே வேல். கண் பாதி திறந்து, யாரையும் பார்க்காமல்.

அன்று சாயங்காலம் அங் மோ கியோ. இந்த முறை கைப்பேசியில் காட்டவில்லை. வரும் வழியில் பெரிய அளவில் அச்சுப்போட்டு எடுத்துப் போயிருந்தேன். தம்பியும் குளித்துவிட்டு வந்து, கன்னத்தில் திருநீறோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அப்பாயி படத்தை இரண்டு கையாலும் வாங்கினார். யாருடா என்று கேட்கவில்லை.

"இளைச்சுப் போயிட்டான்" என்றார். விரலால் படத்தின் நெற்றியைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "பின்னால வர்றது யாரு?" என்று கேட்டார்.

"எங்க, அப்பாயி?"

"இந்தா. மஞ்சப் புடவை. தலையில பால்குடம் மாதிரி இருக்கே."

தம்பியின் தோளுக்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு மேகம், அதன் மேல் வெள்ளி நிறத்தில் ஒரு வட்டம். எஃப் 2.8 செய்த வேலை. இணையத்தில் இதைத்தான் ஆளாளுக்குப் புகழ்வார்கள், பின்னணி வெண்ணெயாய் உருகுகிறது என்று. நானும் அந்த உருகலைப் பார்த்துத்தான் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

"தெரியல அப்பாயி. மங்கலா வந்திருக்கு."

"நாலாம் நம்பர்க்காரி மாதிரி இருக்குடா."

செம்பவாங் கடற்படைத் தளத்துக் குவார்ட்டர்ஸில் அப்பாயி குடியிருந்த காலத்தில் பக்கத்துவீட்டு அம்மா அவர். பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் எப்போதும் நாலாம் நம்பர்க்காரிதான். இருவரும் சேர்ந்து பால்குடம் எடுத்தவர்கள். வெள்ளைக்காரன் போய், குவார்ட்டர்ஸ் காலியாகி, ஒருவர் அங் மோ கியோவுக்கும் ஒருவர் உட்லண்ட்ஸுக்கும் வந்தபிறகு, ஆண்டுக்கு ஒரு நாள் பெருமாள் கோயில் வாசலில் மட்டும் சந்தித்துக்கொண்டிருந்தார்களாம். அப்பாயி விழுந்ததோடு அதுவும் நின்றுவிட்டது. இரண்டு ஆண்டுகளாக அவர் படம் கேட்டதில் இதுவும் சேர்த்தி என்று எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மீதிப் படங்களைக் கேமராவிலேயே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பன்னிரண்டிலும் தம்பி முகம் கத்தியாய் இருந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் மேகம்.

"இருங்க, என் போன்ல இருக்கும்" என்றார் மனைவி.

இருந்தது. கையை உயர்த்தி, சாலை முழுவதும் தெரியும்படி எடுத்த ஒரே ஒரு படம். தம்பி அதில் கட்டைவிரல் அளவுக்குத்தான் இருந்தான். ஆனால் தடுப்பு, தண்ணீர்ப் பந்தல், மேளக்காரர்கள், பின்னால் மஞ்சள் புடவையில் வரிசையாகப் பெண்கள், எல்லாம் ஒரே சீராகத் தெரிந்தன. கைப்பேசியின் சின்ன சென்சாருக்கு எதையும் உருக்கத் தெரியாது. மனைவி இரண்டு விரலால் விரித்துக் காட்டினார். அப்பாயி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, வெகு நேரம் பார்த்தார்.

"அவ இல்ல" என்றார். "அவ மகளா இருக்கும். அதே மூக்கு."

யாரும் ஒன்றும் பேசவில்லை.

"கேட்டியா அந்தப் பிள்ளைகிட்ட? அம்மா எப்படி இருக்காங்கன்னு?"

"இல்ல அப்பாயி. நான் படம் எடுத்துக்கிட்டு இருந்தேன்."

அப்பாயி தலையாட்டினார். அச்சுப்போட்ட படத்தை மடியில் வைத்து, ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே சொன்னார்.

"அடுத்த வருஷம் கேளு."